செட்டியார் தெருப் பவுன் விலைப் பலகையும் 375 பேஜும்

பெட்டியைக் கடையில் பொருத்திய மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு அழைப்பு வந்தது. "தம்பி, உங்கட பெட்டியில லைட் எரியுது, ஸ்க்ரீன்தான் கறுப்பு. விலை கேக்கிற ஆக்களுக்கு வாயால சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப் போச்சு." செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் முதலாளி, அம்மாவின் ஊர்க்காரர். அவருடைய கடைக் கவுன்டரில் ஒரு சின்னக் கணினிப் பெட்டி, அதில் 7 அங்குலத் திரை இருக்கிறது. அன்றைய பவுன் விலை 22 கரட்டுக்கும் 24 கரட்டுக்கும் மூன்று மொழியில் அதில் வரும், அடியில் ஓர் எழுத்து வரிசை ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்கு எனக்கு ஆறு வார இறுதிகள் போயின, அதில் பாதிக்கு மேல் மெமரியை எங்கிருந்து எடுப்பது என்ற ஒரே கேள்வியில்.

முதலில் ஏன் டிரைவர் எழுத வேண்டி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பெட்டியை விற்றவர்கள் 4.9 லினக்ஸ் கேர்னலோடு கொடுத்துவிட்டு மறந்துபோனார்கள். விலையை இணையத்திலிருந்து எடுக்கும் பகுதி பழைய லைப்ரரிகளால் வேலை செய்யாமல் போனது. சரி, புதிதாக ஏற்றுவோம் என்று 6.6க்கு மாறினால், அந்தச் சிப்பின் திரைப் பகுதிக்கு அதில் டிரைவரே இல்லை. பழைய கேர்னலில் இருந்த எஃப்பிடெவ் (லினக்ஸின் பழைய திரை முறை) டிரைவரில் ரெஜிஸ்டர் (சிப்பைக் கட்டுப்படுத்த எழுதும் இடங்கள்) விவரங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு டிஆர்எம்முக்கு (புதிய திரை முறை) சின்னதாக ஒன்றை எழுதத் தொடங்கினேன். சிப்பில் கோர்டெக்ஸ் ஏ7 கோர் ஒன்று, ரேம் 256 மெகாபைட். திரைக் கட்டுப்பாட்டுப் பகுதி மிக எளிமையானது. அதில் ஒரேயொரு முகவரி ரெஜிஸ்டர், ஃபிசிக்கல் முகவரியை எழுதிவிட்டால் அங்கிருந்து நேராகத் திரையின் 480 வரியையும் வாசித்துத் திரைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். சிதறிய மெமரியை ஒரே துண்டாகக் காட்டும் ஐஓஎம்எம்யூ கிடையாது. அதாவது மெமரி ஃபிசிக்கலாக ஒரே துண்டாக, தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையோடு கதை முடிந்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

கணக்கு இதுதான். 800 × 480 புள்ளி, புள்ளிக்கு 4 பைட். மொத்தம் 15,36,000 பைட், கேர்னல் மெமரியைப் பிரித்துக் கையாளும் 4096 பைட் பேஜாகப் பிரித்தால் மிச்சமில்லாமல் 375 பேஜ். இந்த 375ஐக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள், திரும்பத் திரும்ப வரும்.

பழைய டிரைவரைப் பார்த்து நானும் முதலில் கேமேலாக்தான் போட்டேன், கேர்னலிடம் ஒரே துண்டாக மெமரி கேட்கும் அழைப்பு. அவர்கள் பூட் ஆகும்போது ஒரு தடவை எடுத்து அப்படியே வைத்துக்கொண்டார்கள். நானோ விலையைக் காட்டும் செயலி திறக்கும்போதெல்லாம் புதிதாக எடுத்து மூடும்போது விடுகிற மாதிரி எழுதினேன், அதுதான் ஒழுங்கான முறை என்று ஒரு நினைப்பு. வீட்டில், வெள்ளவத்தையில், என் மேசையில் அருமையாக ஓடியது. ஒரே ஒரு கோளாறு: விலை மாறும்போது எண்ணின் மேல் சின்னச் சின்னக் கிடைக்கோடுகள் தங்கின. 8 போய் 3 வந்தால், 3இன் இடது பக்கத்தில் பழைய 8இன் துணுக்குகள். போனில் படம் பிடித்துப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு துணுக்கும் சரியாக 16 புள்ளி நீளம். 16 × 4 = 64 பைட், ஏ7இன் டேட்டா கேஷ் (சிபியூ தன் கைக்கெட்ட வைத்திருக்கும் வேக மெமரி) லைன் ஒன்று. சிபியூ எழுதியது கேஷிலேயே குந்திக்கொண்டிருக்கிறது, திரைப் பகுதி ரேமில் இருக்கிற பழையதை வாசிக்கிறது. எழுதி முடித்ததும் டிஎம்ஏ (சிபியூ இல்லாமல் சாதனமே ரேமைத் தொடும் முறை) சிங்க் அழைப்பைப் போட்டு, கேஷில் இருப்பதை ரேமுக்குத் தள்ளினேன், துணுக்குகள் போய்விட்டன. இதைக் கடையில் நின்று நண்பனுக்குப் போனில் "கேஷிலதான்டா பிரச்சினை" என்று விளக்க, காசாளர் அக்கா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அந்த டிரைவர்தான் மூன்றாம் நாள் கறுத்துப் போனது. 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய் இறங்கி, வளையல்கள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிக்கு மேல் லேப்டாப்பை வைத்து, சீரியல் கேபிளைச் செருகினேன். எதிர்பார்த்த வரிதான் நின்றது: பேஜ் அலொகேஷன் ஃபெய்லியர், ஓர்டர் 9. இரவில் செயலி தானாக மறுதொடக்கம் ஆகும்போது பஃபரை, அதாவது திரைக்கான அந்த மெமரித் துண்டை, திருப்பிக் கொடுத்துவிட்டு மீண்டும் கேட்டிருக்கிறது, கேர்னல் இல்லை என்றுவிட்டது.

ஓர்டர் 9 எங்கிருந்து வந்தது? கேர்னலின் அடிமட்டத்தில் பேஜ்களைப் பகிர்ந்து கொடுப்பது பட்டி அலொகேட்டர். ஆங்கிலத்தில் கூட்டாளி என்று பொருள்பட வைத்த பெயர், நம் பட்டி இல்லை, ஆனால் நம் பட்டியாக நினைத்துக்கொண்டாலும் ஒத்துவரும்: அடைப்புகள் 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாகத்தான் இருக்கும், 375 மாட்டோடு போனால் 512க்கான அடைப்பைத்தான் தருவார்கள். 512 பேஜ் என்பது இரண்டின் ஒன்பதாம் அடுக்கு, 2 மெகாபைட். 137 பேஜ் வீண். வீணாவதுகூடப் பெரிதில்லை. 2 மெகாபைட் துண்டு உடையாமல் இருக்க வேண்டுமே, அதுதான் சங்கடம். ப்ராக் கோப்புறையில் பட்டிஇன்ஃபோவைத் திறந்தால், இடமிருந்து வலமாக ஓர்டர் 0 முதல் 10 வரை எத்தனை துண்டு மீதம் என்று காட்டும். பெட்டியில் இடப்பக்க எண்கள் எல்லாம் நூற்றுக்கணக்கில், வலது பக்கக் கடைசி இரண்டும் பூச்சியம். சும்மா கிடக்கும் மெமரி நிறைய இருக்கிறது, எல்லாம் சில்லறையாக. இன்னொன்று, ஓர்டர் 3 வரைக்கும், அதாவது 8 பேஜ் வரைக்கும், கேர்னல் எப்படியாவது தேடிக் கொடுக்கப் பார்க்கும். அதற்கு மேல் போனால் கொஞ்சம் முயன்றுவிட்டுக் கையை விரித்துவிடும். பூட் ஆன உடனே கிடைப்பது மூன்று நாள் கழித்தும் கிடைக்கும் என்று நம்பியது என் பிழை.

அன்று பெட்டியை மறுபடி பூட் பண்ணி, பெடியன் கொண்டுவந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு, ஒரு வாரம் தாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அட்சய திருதியைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று முதலாளி நினைவூட்டினார். அன்றைக்கு அந்தத் தெரு எப்படியிருக்கும் என்று பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது விமேலாக் என்ற இன்னொரு மெமரி அழைப்பு. இது சரிவராது என்று தெரிந்தே செய்தேன், எப்படிச் சரிவராமல் போகிறது என்று பார்க்க ஆசை. விமேலாக் சில்லறைப் பேஜ்களைப் பொறுக்கி சிபியூவின் கண்ணுக்கு மட்டும் தொடர்ச்சியாகக் காட்டும், ஆகவே துண்டு உடைந்து கிடப்பதால் தோற்பதில்லை. ஆனால் அந்த முகவரியை டிஎம்ஏ மேப் பண்ணக் கேட்டால் கேர்னல் எச்சரிக்கை எழுதி மறுத்துவிடும். நான் சுற்றுவழியாக முதல் பேஜின் ஃபிசிக்கல் முகவரியை மட்டும் எடுத்து ரெஜிஸ்டரில் எழுதினேன். திரையில் முதல் வரி முழுக்கச் சரி, இரண்டாம் வரியில் 224 புள்ளி வரை சரி, அதற்குப் பிறகு 480ஆம் வரி வரைக்கும் கலர் கலராகக் குப்பை. ஒரு வரி 3200 பைட், மீதி 896 பைட்டில் 224 புள்ளி, கூட்டினால் 4096. பேஜ் முடிகிற இடத்தை கண்ணால் பார்ப்பது இப்படி ஒரு தடவைதான் வாய்த்தது. குப்பைக்குள் செயலியின் எழுத்துரு அட்டவணை துண்டு துண்டாகத் தெரிந்தது, சாய்ந்த ஒரு "ழ" கூட. படம் எடுத்து வைத்திருக்கிறேன், வேறு பயன் எதுவும் இல்லை.

பிறகு எல்லோரும் போகும் வழிக்கு வந்தேன். டிஆர்எம்மில் பஃபர்களைக் கவனிக்கும் பகுதியான ஜெம்மில், ஜெம் டிஎம்ஏ ஹெல்ப்பர் என்று ஒன்று இருக்கிறது (2022 வரைக்கும் அதன் பெயரில் சிஎம்ஏ என்று இருந்தது, பழைய பதிவுகளைப் படித்தால் குழம்பாதீர்கள்). செயலி டம் பஃபர் (சிபியூவே வரையும் எளிய பஃபர்) கேட்டால் அது டிஎம்ஏ ஏபிஐ வழியாகத் தொடர்ச்சியான மெமரி எடுத்துக் கொடுக்கும், பின்னால் நிற்பது சிஎம்ஏ. 2012இல் 3.5 கேர்னலோடு வந்தது. பூட் ஆகும்போதே ஒரு பகுதியை வளைத்து வைத்து, யாரும் கேட்காதவரை இடம் மாற்றக்கூடிய பேஜ்களுக்கு மட்டும் இரவல் கொடுக்கும், கேட்டதும் குடியிருப்பவர்களை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு இடத்தைத் தரும். நல்ல யோசனைதான். என் டிரைவரில் நானூறு வரி குறைந்தது. கேஷ் துணுக்குகள் இல்லை, சிங்க் அழைப்புத் தேவையில்லை, ஏனென்றால் இந்த மெமரி கேஷ் ஆகாமல் மேப் ஆகிறது.

கடையில் பொருத்தினேன். இரண்டு நாளில் மறுபடி அழைப்பு. இந்தத் தடவை லாக்கில் சிஎம்ஏ அலொக் தோல்வி, கேட்டது 375 பேஜ், விடை கழித்தல் 12, அதாவது மெமரி இல்லை. நகைப் படங்களையும் இடையிடையே காட்ட வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார், செயலியை எழுதிய நண்பன் படத்துக்கு ஒரு பஃபர் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டான். அது அவன் பிழை, திருத்திவிட்டான். ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. சிஎம்ஏவுக்குக் கேர்னல் கொன்ஃபிக்கில் வழக்கமாக இருக்கும் அளவு 16 மெகாபைட், 4096 பேஜ். 375ஆல் வகுத்தால் பத்து பஃபர் கொள்ள வேண்டும், நான் எண்ணிப் பார்த்தால் எட்டுதான் கொண்டது. மெம்இன்ஃபோவில் சிஎம்ஏ ஃப்ரீ இன்னும் மெகாபைட் கணக்கில் மீதி காட்டுகிறது, ஆனால் ஒன்பதாவதைக் கேட்டால் இல்லை என்கிறது.

இதற்கு ஒரு மாலை முழுக்கப் போனது. காரணம் சின்ன விஷயம்: சிஎம்ஏ துண்டுகளைக் கண்ட இடத்தில் தொடங்குவதில்லை. கொன்ஃபிக்கில் அலைன்மென்ட் 8 என்று இருக்கிறது, அதாவது பெரிய துண்டுகள் 256 பேஜின் மடங்கில்தான் தொடங்கும். என் முதல் பஃபர் 0இல் தொடங்கி 374இல் முடிகிறது, அடுத்தது 375இல் அல்ல, 512இல் தொடங்குகிறது. இடையில் 137 பேஜ் வெறும் இடைவெளி. 4096ஐ 512ஆல் வகுத்தால் எட்டு. பட்டியில் வீணான அதே 137 இங்கேயும் வந்து நின்றதைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது.

சிஎம்ஏ அளவைக் கூட்டிவிட்டுப் போயிருக்கலாம், கேர்னல் கட்டளை வரியில் ஒரே ஒரு சொல். அப்படியே விட்டிருப்பேன், ஓடும் எழுத்து மட்டும் ஓடியிருந்தால். அது ஓடவில்லை, நொண்டியது. முந்தைய கேமேலாக் பதிப்பில் வழுக்கிக்கொண்டு போன வரி, இப்போது தத்தித் தத்திப் போகிறது, சிபியூவை யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று காட்டும் டொப்பைத் திறந்தால் செயலி சிபியூவைக் கணிசமாகத் தின்கிறது. எழுதுவது மெதுவா என்று பார்த்தேன், இல்லை, வெறுமனே திரையை ஒரே நிறத்தால் நிரப்புவது வேகமாகத்தான் நடக்கிறது. வாசிப்பதுதான் மெதுவு. எழுத்தை நகர்த்த, செயலி பஃபரிலிருந்தே வாசித்துச் சில புள்ளி இடப்பக்கம் தள்ளி எழுதுகிறது. எழுத்தின் விளிம்புகளை மென்மையாக்கவும் அடியில் இருக்கும் நிறத்தை வாசித்துக் கலக்க வேண்டும். கேஷ் இல்லாத மெமரியில் ஒவ்வொரு வாசிப்புக்கும் ரேம் வரைக்கும் போய்வர வேண்டும். எழுதும்போது சிபியூ கொஞ்சம் சேர்த்து வைத்து அனுப்பும், வாசிக்கும்போது அந்தச் சலுகை கிடையாது.

ரைட் கம்பைன் (டபிள்யூசி, எழுதுவதைச் சேர்த்து அனுப்பும்) மெமரிக்கு மாற்றினால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார், அதுவரை போட்டிருந்த கோஹீரன்ட் (சிபியூவும் சாதனமும் ஒன்றையே பார்க்கும்) அழைப்புக்குப் பதில் டபிள்யூசி அழைப்பைப் போட்டுத் தனியாகச் சோதித்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. பிறகுதான் ஆர்ம் பகுதியின் ஹெடர் கோப்பைத் திறந்து பார்த்தேன்: ஏஆர்எம்வி7இல் வழக்கமான கொன்ஃபிக்கில் இரண்டும் ஒரே பேஜ் பண்பைத்தான் தருகின்றன. கேஷ் ஆகாது, ஆனால் எழுதுவதைச் சேர்த்து அனுப்பும். எக்ஸ்86இல் நிலைமை வேறு, அங்கே கோஹீரன்ட் மெமரி கேஷோடுதான் வரும். அங்கே எழுதப்பட்ட அறிவுரையை இங்கே கொண்டுவந்தால் இப்படித்தான், அரை நாள் போனது.

இந்த இடத்தில் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, கேஷ் உள்ள மெமரியிலேயே பஃபரை வைத்து, மாறிய பகுதியை மட்டும் கேஷிலிருந்து ரேமுக்குத் தள்ளுவது. ஜெம் டிஎம்ஏ ஹெல்ப்பரில் இதற்கு நொன் கோஹீரன்ட் என்று ஒரு கொடி இருக்கிறது, இன்ஜெனிக் சிப் டிரைவருக்காக வந்தது. முயன்று பார்த்தேன், வேகம் நன்றாகவே இருந்தது. ஆனால் எந்தப் பகுதி மாறியது என்பதைச் செயலி ஒழுங்காகச் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் அந்தப் பதினாறு புள்ளித் துணுக்குகள் திரும்பி வருகின்றன, அவை எனக்கு ஏற்கெனவே போதும் போதும் என்றாகிவிட்டன. அதோடு தொடர்ச்சியான துண்டு வேண்டும் என்ற தலைவலி அப்படியே இருக்கிறது, நண்பன் இன்னொரு பஃபரை மறந்தால் மறுபடி பஸ் ஏற வேண்டும்.

மற்றது, செயலிக்குக் கொடுக்கும் மெமரியையும் திரைப் பகுதி வாசிக்கும் மெமரியையும் பிரித்துவிடுவது. இதைத்தான் எடுத்தேன். நான் அதுவரைக்கும் எந்த அலொகேட்டர் நல்லது என்று ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன், ஆனால் பஃபரைத் தொடுபவர்கள் இரண்டு பேர், இருவருக்கும் வேண்டியது நேர்மாறு. செயலிக்குக் கேஷ் வேண்டும், துண்டாக இருந்தாலும் பரவாயில்லை, எப்போது வேண்டுமானாலும் கேட்கும், விடும். திரைப் பகுதிக்கு ஒரே துண்டு வேண்டும், கேஷ் தெரியாது, ஆனால் அது ஒரு தடவை வாங்கினால் வாழ்நாள் முழுக்க வைத்திருக்கும், 15,36,000 பைட்டுக்கு மேல் ஒருபோதும் கேட்காது.

செயலி பக்கம் ஜெம் ஷ்மெம் ஹெல்ப்பர், 2019இல் 5.2வோடு வந்தது. பேஜ்கள் சில்லறையாகவே வரும், கேஷோடு மேப் ஆகும். திரைப் பக்கம் டிரைவர் தொடங்கும்போதே எடுத்து வைத்த ஒரே ஒரு நிலையான பஃபர். செயலி புதுக் காட்சி கொடுக்கும்போது, மாறிய செவ்வகத்தை மட்டும் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு நகலெடுக்கிறேன். செயலி எது மாறியது என்று சொல்லாவிட்டால் முழுத் திரையும் நகலாகும், மெதுவாக இருக்கும், ஆனால் பிழையாகத் தெரியாது. அந்த வித்தியாசம் எனக்கு முக்கியம். புது யோசனை ஒன்றுமில்லை, 5.14இல் வந்த சிம்பிள்டிஆர்எம் என்ற டிரைவர் இதே வேலையைத்தான் செய்கிறது, இப்படி நகலெடுக்க உதவும் ஷேடோ பிளேன் ஹெல்ப்பர்களை அங்கிருந்து பார்த்தே கற்றேன். நகலுக்கு ஆகும் செலவு? முழுத் திரையை நொடிக்கு 60 தடவை நகலெடுத்தால் 92 மெகாபைட், இந்தச் சிப்புக்கு அது பாரம்தான். ஆனால் பவுன் விலை ஒரு நாளில் ஒன்றிரண்டு தடவைதான் மாறுகிறது. ஓடும் எழுத்து அடியில் 48 வரி, 1,53,600 பைட், நொடிக்கு 30 தடவை என்றாலும் 4.6 மெகாபைட். இலவசம் என்றே சொல்லலாம்.

அந்த நிலையான பஃபரை எங்கே வைப்பது என்பதில் இன்னொரு அடி வாங்கினேன். சிஎம்ஏவிலிருந்தே ஒரு தடவை எடுத்திருந்தாலும் போதும்தான், ஆனால் என் டிரைவர் மொடியூலாகப் பிந்தி ஏறுகிறது, மேம்படுத்தும்போது இறக்கி ஏற்றுவேன், அதற்கு இடையில் யாரும் தொடாத இடமாக இருக்கட்டும் என்று டிவைஸ் ட்ரீயில் (வன்பொருளைக் கேர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) ஷேர்ட் டிஎம்ஏ பூல் ஒன்றை ஒதுக்கினேன். கேர்னல் அந்த இடத்தைத் தன் வழக்கமான மேப்பில் சேர்க்கக் கூடாது என்று சொல்லும் நோமேப்பை எழுத மறந்துவிட்டேன். 32 பிட் ஆர்மில் அது இல்லாமல் இந்தப் பூல் வேலை செய்யாது, கேர்னல் பூட்டிலேயே ஒரு வரியில் சொல்லியும் விடுகிறது, நான் தான் வாசிக்கவில்லை. அதைப் போட்டேன். அளவு? 375 பேஜ்தானே, 1536 கிலோபைட் கொடுத்தால் 384 பேஜ், ஒன்பது பேஜ் மிச்சம்கூட இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கழித்தல் 12. அந்தப் பூலுக்குள் பகிர்கிற கேர்னல் நிரலும் அளவை இரண்டின் அடுக்குக்குத்தான் உயர்த்துகிறது, 512 பேஜ் தொடர்ச்சியாக இல்லை என்றால் தராது. 2 மெகாபைட்டாக்கினேன், உடனே கிடைத்தது. அந்த 137 பேஜை இனி யாரோடும் சண்டை பிடிப்பதில்லை.

ஒரே பஃபர் என்பதால் நகலெடுக்கும்போதே திரை வாசித்தால் எழுத்து பாதியில் வெட்டுப்படும். இரண்டு நிலையான பஃபர் வைத்து மாற்றி மாற்றிக் காட்டலாம், ஆனால் மாறிய பகுதிகளை இரண்டு ஃப்ரேமுக்குச் சேர்த்து வைக்க வேண்டும், சோம்பலாக இருந்தது. பதிலாக விபிளாங்க் (ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி) வந்த பிறகு நகலைத் தொடங்கினேன். ஓடும் எழுத்து இருப்பது 432ஆம் வரியிலிருந்து, திரைப் பகுதி மேலிருந்து வாசித்து அந்த வரிக்கு வந்துசேர ஏறத்தாழ 15 மில்லிசெக்கன் ஆகும், அதற்குள் ஒன்றரை லட்சம் பைட் போய்ச் சேர்ந்துவிடும். எழுத்து வரிசையை மேலே வைத்திருந்தால் இந்தத் தந்திரம் பலித்திருக்காது. அடியில் வைக்கச் சொன்னது முதலாளி, எனக்கு அதில் பங்கில்லை.

அட்சய திருதியை அன்று பயந்துகொண்டேதான் இருந்தேன், போன் வரவில்லை. மாலையில் நானே போனேன். கடைக்குள் கால் வைக்க இடமில்லை, பெட்டி தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பட்டிஇன்ஃபோவின் வலப்பக்கம் அன்றும் பூச்சியம்தான், இப்போது அதைப் பற்றிக் கவலைப்பட யாரும் இல்லை.

போன கிழமை முதலாளி மறுபடி கதைத்தார். எதிர்க் கடையில் திரையில் வீடியோ ஓடுதாம், தங்களுக்கும் அட்டியல் வீடியோ ஒன்று ஓட விடலாமா என்று. வீடியோ என்றால் முழுத் திரையும் ஒவ்வொரு ஃப்ரேமும் மாறும், நகலெடுக்கும் இந்த முறை அதற்கு ஆகாது, நேரே திரைப் பகுதி வாசிக்கும் பஃபரில்தான் எழுத வேண்டும், அப்படியென்றால் பஃபரை மறுபடி ஜெம் டிஎம்ஏ பக்கம் கொண்டுபோக வேண்டும். "பார்க்கலாம் ஐயா" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சிஎம்ஏ அளவை 32 மெகாபைட்டாக்கி வீட்டில் ஒரு படம் ஓட்டிப் பார்த்தேன், அதன் லாக்கை இன்னும் வாசிக்கவில்லை.